மிச்சச் சாப்பாட்டைக் கொட்டாதீர்கள்: வாந்தி பேதி பற்றிய கேள்விகளும் பதில்களும்

பொது சுகாதார ஆய்வகத்தில் இருபத்திரண்டு வருடம் மல மாதிரிகளோடும் உணவு மாதிரிகளோடும் வேலை பார்த்தவள் நான். சாப்பாட்டால் ஊரே படுக்கும்போது காரணத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறோம் என்று கேட்டு நிறைய பேர் எழுதியிருக்கிறீர்கள். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

திருச்சியிலிருந்து ஓர் ஆசிரியை: மேடம், சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் மதியம் சாப்பிட்ட நாற்பது பேருக்கு ராத்திரியே வயிற்றுவலி, பேதி. பாதிப் பேர் மோர்தான் காரணம் என்கிறார்கள், பாதிப் பேர் குருமா என்கிறார்கள். நீங்களாக இருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?

முதலில் நேரத்தைக் கேட்பேன். சாப்பிட்டு எத்தனை மணி நேரத்தில் ஆரம்பித்தது? ஒன்றிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வாந்தியாகக் கொட்டினால், ஸ்டெஃபைலோகாக்கஸ் அல்லது பேசிலஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா ஏற்கெனவே சாப்பாட்டில் விட்டுவைத்த நச்சு என்று சந்தேகப்படுவோம். எட்டு முதல் பதினாறு மணி நேரம் கழித்து, காய்ச்சல் இல்லாமல் வயிற்றைப் பிசைந்து பேதியானால் கிளாஸ்டிரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்ஸ் என்ற பாக்டீரியா நினைவுக்கு வரும். அரை நாளிலிருந்து மூன்று நாளுக்குள் காய்ச்சலோடு வந்தால் சால்மோனெல்லா பக்கம் பார்ப்போம். ஆய்வகத்தில் எந்தப் பரிசோதனையை முதலில் தொடங்குவது என்பதற்கே இந்தக் கணக்குதான் வழி காட்டும்.

அப்புறம்தான் என்ன சாப்பிட்டீர்கள் என்ற கேள்வி. இங்கேதான் பெரும்பாலானோர் தடம் மாறுகிறார்கள்: படுத்தவர்களை மட்டும் விசாரிப்பார்கள். கணக்குக்காக ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். சாப்பிட்டவர்கள் 100 பேர், படுத்தவர்கள் 40 பேர். அந்த 40 பேரில் 32 பேர் மோர் குடித்திருக்கிறார்கள். உடனே மோர்தான் என்று தோன்றும். ஆனால் மொத்தத்தில் மோர் குடித்தவர்கள் 80 பேர், அவர்களில் படுத்தது 32, அதாவது 40 சதவீதம். மோர் குடிக்காத 20 பேரில் படுத்தது 8, அதுவும் 40 சதவீதம். குடித்தாலும் குடிக்காவிட்டாலும் ஒன்றுதான் என்றால் மோர் மேல் பழி இல்லை. இப்போது குருமாவைப் பாருங்கள். சாப்பிட்ட 60 பேரில் 36 பேர் படுத்தார்கள், 60 சதவீதம். சாப்பிடாத 40 பேரில் 4 பேர், 10 சதவீதம். ஆறு மடங்கு. குருமா தொடாமலே படுத்த அந்த நாலு பேர்? பக்கத்து இலையிலிருந்து ஒரு வாய் எடுத்து மறந்திருக்கலாம். கரண்டி மாறியிருக்கலாம். எந்த விசாரணையிலும் இப்படி நாலு பேர் இருப்பார்கள்.

அதனால் எழுதிக்கொள்ளும்போது, நன்றாக இருப்பவர்களையும் விடாமல் கேட்டு எழுதுங்கள். அவர்கள் இல்லாமல் இந்தக் கணக்கே கிடையாது.

ஈரோட்டிலிருந்து ஒரு சமையல் கான்ட்ராக்டர்: அக்கா, நாங்கள் பரிமாறுவதற்கு முன் மறுபடி கொதிக்கவைத்துத்தான் எடுக்கிறோம். அதுக்கப்புறமும் எப்படிக் கிருமி இருக்கும்?

கிருமி செத்திருக்கலாம் தம்பி, அது விட்டுப்போன நச்சு சாகாது. ஸ்டெஃபைலோகாக்கஸ் நச்சும், சோற்றில் பேசிலஸ் சீரியஸ் உண்டாக்கும் வாந்தி நச்சும் கொதியைத் தாங்கும். காலையில் வடித்த சோற்றை வெளியிலேயே வைத்திருந்து ராத்திரி ஃப்ரைடு ரைஸ் போட்டால், எவ்வளவு தீயில் வதக்கினாலும் பயனில்லை.

பெர்ஃப்ரிஞ்சென்ஸ் கதை வேறு. அதன் வித்துகள், அதாவது கெட்டி ஓட்டுக்குள் உறங்கும் வடிவம், கொதியிலும் பிழைத்துக் கிடக்கும். பெரிய அண்டாவில் பிரியாணியோ குருமாவோ தானாக ஆறும்போது நடுப்பகுதி பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே இருக்கும் அல்லவா? 43 முதல் 47 டிகிரி அதற்கு மிகப் பிடித்த சூடு. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். அண்டாவோடு ஆறவைக்காமல் அகலமான, ஆழம் குறைந்த தட்டுகளில் பிரித்து ஆறவைத்துவிட்டு ஃப்ரிட்ஜுக்குள் தள்ளுங்கள். பரிமாறக் காத்திருக்கும் சாப்பாடு 60 டிகிரிக்கு மேலேயே இருக்கட்டும். ஒரு தெர்மாமீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள், கையால் தொட்டுப் பார்ப்பது போதாது.

சேலத்தில் வேலை பார்க்கும் ஒரு செவிலியர்: பேதியோடு வருபவர்களுக்கு உடனே ஆன்டிபயாட்டிக் போட்டுவிடுகிறார்கள். அதன் பிறகு ஸ்டூல் கல்ச்சர் அனுப்பினால் பிரயோசனம் உண்டா?

கல்ச்சர் என்பது மாதிரியில் இருக்கும் கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்ப்பது. மருந்து போட்ட பிறகு பெரும்பாலும் ஒன்றும் வளராது. மாத்திரைக்கு முன்னால் ஒரு மாதிரி எடுத்துவிடுங்கள், இதை உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். வழியில் கிருமி சாகாமல் காக்கும் கேரி பிளேர் ஊடகம் இருந்தால், மாதிரி எடுத்த பஞ்சுக் குச்சியை (ஸ்வாப்) அதில் வைத்து அனுப்பலாம். இல்லையென்றால் சுத்தமான டப்பாவில் எடுத்து இரண்டு மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்த்துவிட வேண்டும். எல்லாருக்கும் எடுக்க முடியாவிட்டால், ஒரே விருந்தில் சாப்பிட்டு வந்தவர்களில் ஐந்தாறு பேருக்காவது எடுங்கள்.

கிருமியை வளர்க்காமல் அதன் மரபணுவை மட்டும் தேடும் பிசிஆர் பேனல் வந்துவிட்டதே, கல்ச்சர் எதற்கு என்றும் ஒருவர் கேட்டிருந்தார். சால்மோனெல்லா இருக்கிறது என்று பிசிஆர் சில மணி நேரத்தில் சொல்லிவிடும், சிகிச்சைக்கு அது நல்லது. ஆனால் உயிரோடு கிருமி கையில் இல்லாவிட்டால், சேலத்தில் கிடைத்ததும் நாமக்கல்லில் கிடைத்ததும் ஒரே வம்சமா என்று ஒப்பிடுவது மிகவும் கஷ்டம். இன்னொன்று, சிறுநீரகத்தைத் தாக்கும் ஷிகா நச்சு உண்டாக்கும் ஈ.கோலை பாக்டீரியாவாக இருந்தால் ஆன்டிபயாட்டிக்கால் சிறுநீரகப் பாதிப்பு கூடலாம் என்ற கவலையும் உண்டு.

சென்னையிலிருந்து ஒரு ஐடி ஊழியர்: கிருமியின் முழு மரபணு வரிசையையும் படிக்கும் ஜீனோம் சீக்குவென்சிங் செய்தால் எந்த உணவு என்று நேரடியாகத் தெரிந்துவிடுமா?

அது மட்டும் போதாது. 1993இல் அமெரிக்காவில் சரியாக வேகாத ஹாம்பர்கரால் 700க்கும் மேற்பட்டோர் படுத்தார்கள், நான்கு குழந்தைகள் இறந்தார்கள். நோயாளியிடம் கிடைத்த ஈ.கோலை ஓ157, இறைச்சியில் கிடைத்த கிருமி இரண்டின் டிஎன்ஏவை வெட்டிப் பிரித்தபோது தெரிந்த பட்டைகளும் ஒன்றாக இருந்தன. அந்த அனுபவத்திலிருந்து 1996இல் பல்ஸ்நெட் பிறந்தது. வெவ்வேறு மாநில ஆய்வகங்கள் கிருமியின் கைரேகையை ஒரே முறையில் எடுத்து ஒரே இடத்தில் ஒப்பிடும் ஏற்பாடு அது. இன்று பட்டைகளின் இடத்துக்கு முழு மரபணு வரிசை வந்துவிட்டது. சிதறிக் கிடக்கும் நோயாளிகள் ஒரே கூட்டம்தான் என்று அது காட்டும். அவர்களை இணைத்த சாப்பாடு எது என்பதை மனிதர்களிடம்தான் கேட்டாக வேண்டும்.

தென்னாப்பிரிக்காவில் 2017-18இல் உணவு வழியாக வரும் லிஸ்டீரியா என்ற பாக்டீரியா பரவி 1,060 பேருக்கு நோய் உறுதியானது, 200க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பாதிக்கப்பட்டவர்களில் பச்சிளம் குழந்தைகள் ஏராளம். பத்தில் ஒன்பது கிருமிகள் ஒரே வகை என்று வரிசை சொல்லிவிட்டது, ஆனாலும் மூலம் பல மாதம் பிடிபடவில்லை. லிஸ்டீரியா உடம்பில் பத்து வாரம் வரைகூடப் பதுங்கியிருக்கும், இரண்டு மாதத்துக்கு முன் சாப்பிட்டதை யாரால் சொல்ல முடியும்? 2018 ஜனவரியில் சொவெட்டோவில் ஒரு குழந்தைகள் காப்பகத்துப் பிள்ளைகள் காய்ச்சல், பேதியோடு மருத்துவமனைக்கு வந்தபோது மருத்துவர்கள் அதை விட்டுவிடாமல் மாதிரி எடுத்தார்கள். காப்பகத்து ஃப்ரிட்ஜில் போலோனி என்ற பதப்படுத்திய இறைச்சி இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டே போலோக்வானே நகரத்துத் தொழிற்சாலை வரை போனார்கள். சாதாரணப் பேதிதானே என்று அன்று மருந்து கொடுத்து அனுப்பியிருந்தால் இன்னும் எத்தனை குழந்தைகள் போயிருப்பார்களோ.

கோயம்புத்தூரிலிருந்து ஓர் இல்லத்தரசி: முளைகட்டிய வெந்தயம் தினமும் பச்சையாகச் சாப்பிடுகிறேன். ஜெர்மனியில் அதனால் ஆட்கள் செத்தார்கள் என்று என் மகன் பயமுறுத்துகிறான். உண்மையா?

உண்மைதான் அம்மா. 2011 மே மாதம் வடக்கு ஜெர்மனி மருத்துவமனைகளில் ரத்தப் பேதியும் சிறுநீரகச் செயலிழப்புமாக ஆட்கள் குவிந்தார்கள். இந்தச் சிறுநீரகப் பாதிப்பு வழக்கமாகக் குழந்தைகளுக்குத்தான் வரும், அங்கே வந்தவர்களோ பெரும்பாலும் பெரியவர்கள், அதிலும் பெண்கள். கிருமி ஈ.கோலை ஓ104:எச்4. ஏறத்தாழ 3,800 பேர் பாதிக்கப்பட்டார்கள், 50க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

முதலில் விசாரித்தபோது தக்காளி, வெள்ளரி, கீரை சாலட் என்று சொன்னார்கள். மே 26 அன்று ஹாம்பர்க் அதிகாரிகள் ஸ்பெயின் வெள்ளரிக்காயில் கிருமி இருப்பதாக அறிவித்தார்கள். சில நாளில் பார்த்தால் அந்த வெள்ளரியில் இருந்தது வேறு வகை ஈ.கோலை. அதற்குள் ஸ்பெயின் விவசாயிகளின் காய்கறி வாங்க ஆளில்லாமல் குப்பைக்குப் போய்விட்டது. ஐரோப்பிய ஒன்றியம் பிற்பாடு விவசாயிகளுக்கு 20 கோடி யூரோவுக்கு மேல் உதவித்தொகை தரவேண்டி வந்தது. ஆய்வகத்தில் இருப்பவர்கள் எல்லாரும் நினைவில் வைக்க வேண்டிய பாடம் இது. கிருமி இருக்கிறது என்பது வேறு, அதே கிருமி என்பது வேறு.

முளைப்பயறு ஏன் முதலில் சிக்கவில்லை? சாலட் மேல் ஒரு சிட்டிகை தூவியிருப்பார்கள், யாருக்கும் ஞாபகம் இருக்காது. நோயாளிகளில் நாலில் ஒருவர்தான் முளை சாப்பிட்டதாகச் சொன்னார். அப்போது ஜெர்மனி அரசின் பொது சுகாதார அமைப்பான ராபர்ட் காக் நிறுவன ஆய்வாளர்கள் செய்த வேலையை நான் இன்றும் வியந்து பேசுவேன். ஒரே உணவகத்தில் குழுவாகச் சாப்பிட்டவர்களைத் தேடிப்பிடித்தார்கள். யார் என்ன ஆர்டர் செய்தார்கள் என்பதை பில்லிலும், அவர்களே எடுத்த போட்டோக்களிலும் சரிபார்த்தார்கள். பிறகு, ஒவ்வொரு தட்டிலும் என்னவெல்லாம் போட்டீர்கள் என்று சமையல்காரரிடம் போய்க் கேட்டார்கள். சாப்பிட்டவரின் ஞாபகத்தை நம்பாமல் சமையல் குறிப்பை நம்பினார்கள். முளை போட்ட தட்டு வந்தவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு 14 மடங்கு. படுத்தவர்கள் அத்தனை பேர் தட்டிலும் முளை இருந்தது.

அதே சமயம் சரக்குப் போன வழியைப் பின்னோக்கிப் பார்த்தவர்கள் பீனன்பியூட்டல் என்ற ஊரின் ஒரு முளைப் பண்ணையில் வந்து நின்றார்கள். ஜூனில் பிரான்சின் போர்டோ அருகேயும் அதே கிருமி. அங்கே அந்தப் பண்ணையின் முளை கிடையாது, விதை வாங்கி அங்கேயே முளைக்கவைத்தது. இரண்டு இடத்துக்கும் பொதுவாக இருந்தது எகிப்திலிருந்து ஒரே சரக்காக வந்த வெந்தயம். அந்த விதையில் கடைசிவரை கிருமி கிடைக்கவே இல்லை. இருந்தாலும் இத்தனை சான்றுகள் ஒரே இடத்தைக் காட்டியதால் எகிப்து வெந்தயத்தை ஐரோப்பா தடை செய்தது.

நீங்கள் பயப்பட வேண்டாம், பச்சையாக மட்டும் வேண்டாம். முளைகட்டத் தேவையான ஈரமும் வெதுவெதுப்பும் கிருமிக்கும் தீனிதான், கழுவினாலும் முழுசாகப் போகாது. ஆவியில் வேகவைத்துச் சாப்பிடுங்கள்.

நாகர்கோவிலிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: ஷவர்மாவில் பிரச்சினை கறியா, மயோனைஸா?

இரண்டுமே ஆகலாம் தம்பி. வெளிப்புறம் கருகினாலும் உள்ளே சரியாக வேகாத கறியை சீவிக் கொடுப்பது ஒன்று, பச்சை முட்டையில் அடித்த மயோனைஸை வெயிலில் வைப்பது இன்னொன்று. பச்சை முட்டை மயோனைஸுக்குத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுத் தடை போட்டதற்கு சால்மோனெல்லாவும் ஒரு காரணம்.

திருநெல்வேலியில் மெஸ் நடத்துபவர்: எங்கள் சமையல்காரருக்கு டைபாய்டு வந்து குணமாகிவிட்டது. விடால் டெஸ்ட் எடுத்துவிட்டு வேலைக்கு வரச் சொல்லலாமா?

விடால் என்பது ரத்தத்தில் டைபாய்டுக்கான எதிர்ப்புப் பொருளைப் பார்க்கும் பரிசோதனை, இதற்கு உதவாது. குணமான பிறகும் சிலருக்குப் பித்தப்பையில் கிருமி தங்கி, நோயே தெரியாமல் வருடக்கணக்கில் மலத்தில் வெளியேறும். மருத்துவரிடம் கூட்டிப்போய், மருந்து முடிந்து இடைவெளி விட்டு மூன்று முறை மலக் கல்ச்சர் பாருங்கள். சுத்தமானால் வரட்டும். அதுவரை சம்பளத்தைப் பிடிக்காதீர்கள். பிடித்தால் அடுத்தமுறை காய்ச்சலை மறைத்துக்கொண்டுதான் அடுப்படியில் நிற்பார்.

விழுப்புரம் பக்கத்திலிருந்து ஒரு வார்டு உறுப்பினர்: ஊர்த் திருவிழாவில் இப்படி நடந்தால் யாரிடம் சொல்வது? சொன்னால் கேஸ் ஆகிவிடும் என்று மக்கள் பயப்படுகிறார்களே?

ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ கிராம சுகாதார செவிலியருக்கோ உடனே சொல்லுங்கள், 104க்கும் அழைக்கலாம். 2004இல் தொடங்கிய ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் உங்கள் தகவலில்தான் ஓடுகிறது. உணவு மாதிரி எடுப்பது உணவுப் பாதுகாப்பு அலுவலர் வேலை. படுத்தவர்களுக்கு ஓஆர்எஸ் கரைத்துக் கொடுத்துக்கொண்டே இருங்கள்.

பயம் எனக்குப் புரிகிறது. ஒருமுறை ஒரு மண்டபத்துக்கு நாங்கள் போய்ச் சேர்வதற்குள் அண்டாக்களைப் பளபளவென்று தேய்த்துக் கவிழ்த்திருந்தார்கள். மிச்சம் மாட்டுக்குப் போயிருந்தது. எதனால் வந்தது என்று கடைசிவரை சொல்ல முடியவில்லை, ஊர் முழுக்க சமையல்காரரைத்தான் திட்டியது. தண்ணீர்த் தொட்டியாகக்கூட இருந்திருக்கலாம், அவரைக் காப்பாற்ற என்னிடம் ஒரு கரண்டிக் குழம்புகூட இல்லை.

அதனால் திருவிழாவுக்கு முன்பே சமையல் குழுவிடம் பேசுங்கள். ஒவ்வொரு பதார்த்தத்திலும் ஒரு கிண்ணம் சுத்தமான டப்பாவில் எடுத்து, பெயரும் நேரமும் எந்தப் பந்தி என்பதும் எழுதி, மூன்று நாள் ஃப்ரிட்ஜில் வைக்கச் சொல்லுங்கள். குடிதண்ணீரிலும் ஒரு பாட்டில். ஃப்ரிட்ஜ் இல்லையென்றால் பால் சொசைட்டியில் கேட்டுப் பாருங்கள், இடம் கொடுப்பார்கள்.