கோழி வளர்ப்போர் கேள்வி–பதில்: ஊசி போட்டும் கழிச்சல் வருவது ஏன்?

பிப்ரவரியில் நடந்த கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாமில் என் 40 நாட்டுக்கோழிகளுக்கும் ஊசி போட்டேன். ஐந்தாம் நாளிலிருந்து பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, கழுத்து திருகி, 14 கோழிகள் செத்துவிட்டன. மருந்தே சரியில்லையா?
— வாசகர், ஒட்டன்சத்திரம்

பச்சை கலந்த வெள்ளைக் கழிச்சல், வாயைத் திறந்து மூச்சு வாங்குவது, இறக்கை தொங்குவது, கழுத்து திருகுவது எல்லாம் சேர்ந்து வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ராணிக்கெட் என்கிற கோழிக்கழிச்சலைத்தான். இந்தக் கிருமி உடம்பில் புகுந்து நோயாக வெளிப்பட 2 முதல் 15 நாள் ஆகும், பெரும்பாலும் ஐந்தாறு நாள். ஊசி போட்டு எதிர்ப்புச் சக்தி உருவாகவோ இரண்டு வாரம் வேண்டும். ஐந்தாம் நாளே நோய் தொடங்கியிருக்கிறது என்றால், ஊசி போட்ட அன்றே சில கோழிகளின் உடம்பில் கிருமி இருந்திருக்க வாய்ப்பு அதிகம். ஒரே ஊசியால் அடுத்தடுத்துப் போட்டிருந்தால் அதுவே நோயைக் கோழிக்குக் கோழி கடத்தியும் இருக்கும். ஒன்றிரண்டு கோழி சோர்ந்து நிற்கும்போது, மருத்துவரைக் கேட்காமல் மந்தை முழுக்க ஊசி போடாதீர்கள்.

மருந்து கெட்டிருக்கவும் கூடும். இது உயிருள்ள கிருமியைக் கொண்ட மருந்து. 2 முதல் 8 டிகிரி குளிரில் இருந்தால்தான் வேலை செய்யும். வெயிலில் சட்டைப்பையில் வைத்து எடுத்து வந்தால் புட்டியில் மிஞ்சுவது வெறும் தண்ணீர்தான். பனிக்கட்டி போட்ட பிளாஸ்கில் கொண்டு வாருங்கள். கலக்கும் நீரும் குளிர்ந்திருக்கட்டும். கலந்தபின் இரண்டு மணி நேரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். மிச்சத்தை மறுநாளுக்கு வைத்துப் பயனில்லை.

முகாமில் போடும் ஊசி முதல் தடுப்பாக இருக்கக் கூடாது என்பதும் முக்கியம். எஃப்1, லசோட்டா, ஆர்2பி மூன்றும் கோழிக்கழிச்சல் தடுப்பு மருந்துகள்தான். குஞ்சுக்கு 7ஆம் நாள் எஃப்1 அல்லது லசோட்டா கண்ணில் சொட்டு, 28ஆம் நாள் வாக்கில் லசோட்டா, 8 வாரத்தில் இறக்கைத் தோலுக்கடியில் அரை மில்லி ஆர்2பி ஊசி. இதுதான் வரிசை. முந்தைய சொட்டு கிடைக்காத இளங்கோழிக்கு ஆர்2பி நேராகப் போட்டால் சிலவற்றுக்குக் காலே முடங்கும். பெரிய கோழிகளுக்கு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை லசோட்டாவைத் தண்ணீரில் கொடுத்து வரலாம். ஊசிக்கு ஒரு வாரம் முன்பே குடற்புழு நீக்கிவிடுங்கள். புழு தின்ற உடம்பில் எதிர்ப்புச் சக்தி சரியாக ஏறாது.

சொட்டு விடும்போது அவசரப்படாதீர்கள். குஞ்சை உள்ளங்கையில் பக்கவாட்டில் படுக்க வையுங்கள். ஒரு கண் மேலே பார்க்கட்டும். ஒரு சொட்டு விட்டு, கண்ணை ஒருமுறை மூடித் திறந்து மருந்து உள்ளே இறங்கும்வரை பிடித்திருங்கள். உடனே விட்டால் தலையை உதறிவிடும், மருந்து தரையில்தான். உங்கள் கண்ணில் பட்டால் சில நாள் சிவந்து உறுத்தும், முடித்ததும் கையை சோப்பால் கழுவுங்கள்.

தண்ணீரில் கொடுப்பதானால் குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் வேண்டாம், அது மருந்தைக் கொன்றுவிடும். கிணற்றுத் தண்ணீரில் லிட்டருக்கு 5 கிராம் கொழுப்பு நீக்கிய பால்பொடியைக் கரைத்து, பிறகு மருந்தைக் கலக்குங்கள். அதற்குமுன் விடியற்காலையில் ஒன்றிரண்டு மணி நேரம் தண்ணீர் காட்டாமல் வைத்தால் எல்லாக் கோழியும் வந்து குடிக்கும்.

கோடையில் சேவல்களின் கொண்டையிலும் இமையிலும் கருப்புப் பருக்கள். பொருக்கை உரித்து மஞ்சள் வைக்கலாமா?
— வாசகி, மேலூர்

உரிக்காதீர்கள். இது அம்மை. உதிரும் பொருக்கிலேயே கிருமி மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்து மேலே தடவுவது நல்லதே, ஈயும் புண் சீழும் கட்டுப்படும். ஆனால் அம்மையை அது கொல்லாது. தோலில் மட்டும் இருந்தால் மூன்று நான்கு வாரத்தில் தானே ஆறும். கண் மூடிப்போன கோழி தீனியைப் பார்க்க முடியாமல் பட்டினியில் சாகும், அதைத் தனியே வைத்து ஊட்டுங்கள். வாய்க்குள் மஞ்சள் படலம் தெரிந்தால் நிலைமை மோசம், மூச்சு அடைக்கலாம்.

பரப்புவது பெரும்பாலும் கொசு. கூண்டைச் சுற்றித் தேங்கும் நீரை ஒழியுங்கள். 6–8 வாரத்தில் இரட்டை ஊசியால் இறக்கை மடிப்புத் தோலில் குத்திப் போடும் தடுப்பூசி உண்டு. ஒரு வாரம் கழித்து அந்த இடத்தில் சிறு வீக்கமோ பொருக்கோ இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஊசி பிடிக்கவில்லை, மறுபடி போட வேண்டும்.

மூன்று மாதக் கோழி ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே நீட்டிக் கிடக்கிறது. கழிச்சல் இல்லை.
— வாசகர், சேலம்

மேரக்ஸ் நோயாக இருக்கலாம். இதுவும் வைரஸ்தான். இறகுத் தூசியில் பரவும், தொடை நரம்பு தடித்துக் கால் செயலிழக்கும். மருந்து இல்லை. குஞ்சு பொரித்த முதல் நாளே பண்ணையில் ஊசி போட்டதுதான் காப்பு. குஞ்சு வாங்கும்போது இதைக் கேட்டு வாங்குங்கள்.

கழிச்சலில் மந்தையே போனது. புதுக் குஞ்சு எப்போது விடலாம்?
— வாசகி, பட்டுக்கோட்டை

செத்ததை வாய்க்காலிலோ சாலையோரத்திலோ எறிவது அடுத்த வீட்டுக் கோழியைக் கொல்வதற்குச் சமம். கிணற்றைவிட்டு விலகி மூன்றடிக்கு மேல் ஆழக் குழி வெட்டி, சுண்ணாம்பு தூவி, நாய் தோண்டாதபடி மூடுங்கள். நோயுற்ற கோழியைச் சந்தைக்கு அனுப்பாதீர்கள்.

கூளத்தை முழுக்க அள்ளிப் புதையுங்கள் அல்லது எரியுங்கள். தரையைச் சோப்புநீரால் தேய்த்துக் கழுவி, காயவைத்து, சுண்ணாம்பு அடியுங்கள். ராணிக்கெட் கிருமிக்குக் கொழுப்பு உறை உண்டு, சோப்பு அதைக் கரைத்துவிடும். குஞ்சுகளைத் தாக்கும் இன்னொரு வைரஸ் நோயான கம்போரோவின் கிருமிக்கு அந்த உறை கிடையாது, கழுவிய கொட்டகையிலும் மாதக்கணக்கில் இருக்கும். 3–6 வாரக் குஞ்சுகள் வெள்ளையாக நீர்போலக் கழிந்து, நான்கைந்து நாளில் சாவு ஏறி இறங்கியிருந்தால் அதைச் சந்தேகியுங்கள். அந்தக் கொட்டகையில் அடுத்த தொகுதிக்குக் கம்போரோ தடுப்பு மருந்து தவறாமல் வேண்டும். ராணிக்கெட் மட்டும் என்றால், கழுவியபின் குறைந்தது மூன்று வாரம் காலியாக விட்டு, வெயில் நன்றாகப் படவிட்டுக் குஞ்சு விடுங்கள்.

ஒரே இரவில் பல கோழிகள், கொண்டை நீலமாகி, நோய் காட்டாமலே செத்தால் வெட்டிப் பார்க்காதீர்கள், தொடவும் வேண்டாம். பறவைக் காய்ச்சலாக இருக்கலாம், அது மனிதருக்கும் தொற்றக்கூடும். அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்கு உடனே சொல்லுங்கள். அவர்கள் எடுக்கும் மாதிரி போபாலில் உள்ள தேசிய ஆய்வகத்துக்குப் போகும். முடிவு வரும்வரை ஒரு முட்டையும் வெளியே போகக் கூடாது.