இலை உதிராத குட்டைப் புதர்கள்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கேள்வி: அக்கா, லேபிளில் குட்டை ரகம் என்று போட்டிருந்ததை நம்பி ஜூனிப்பர் என்ற ஊசியிலைப் புதரை வாங்கி நடைபாதை ஓரம் நட்டேன். இப்போது பாதி வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறது. ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: ஏமாற்றவில்லை, லேபிளில் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார்கள். குட்டை ரகமும் வளர்வதை நிறுத்தாது, மெதுவாக வளரும், அவ்வளவுதான். அமெரிக்க ஊசியிலை மரச் சங்கத்தின் வகைப்பாட்டில் வருஷத்துக்கு 1 முதல் 6 அங்குலம் வரை வளர்வதெல்லாம் குட்டையில்தான் சேரும். 6 அங்குலம் வளர்கிற செடி 10 வருஷத்தில் 5 அடி தொட்டுவிடும், 1 அங்குலம் வளர்வது ஒரு அடியைத் தாண்டாது, இரண்டுக்கும் பெயர் ஒன்றுதான். அதனால் நர்சரியில் செடியின் இன்றைய அழகைப் பார்க்காமல் 10 வருஷத்தில் எவ்வளவு உயரம், எவ்வளவு அகலம் என்று கேட்டு வாங்குங்கள். அகலத்தைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

உங்கள் ஜூனிப்பரைக் கத்தரியால் மொட்டையடித்துவிடாதீர்கள். பச்சை இல்லாத பழைய கட்டை வரை வெட்டினால் அங்கே திரும்பத் துளிர்க்காது. நீண்ட கிளையை ஒவ்வொன்றாகப் பிடித்து, உள்ளே பச்சையாக இருக்கும் பக்கக்கிளை பிரியும் இடத்தில் வெட்டுங்கள், வெட்டிய தடமே தெரியாது. ஊசியிலைச் செடிகளில் பழைய கட்டையிலிருந்தும் நன்றாகத் துளிர்ப்பவை குறைவு, யூ (yew) என்ற செடி அதில் ஒன்று.

கேள்வி: 10 வருஷத்தில் வரப்போகும் அகலத்தைக் கணக்கிட்டுச் செடிகளுக்கு இடைவெளி விட்டால் தோட்டம் வெறிச்சென்று இருக்கிறதே?

பதில்: இருக்கும், கொஞ்ச காலம் பொறுக்கத்தான் வேண்டும். ஒரு செடி 3 அடி அகலமும் பக்கத்துச் செடி 2 அடியும் வரும் என்றால் இரண்டின் நடுத்தண்டுக்கும் இடையே இரண்டரை அடி விடுங்கள். நடுவில் ஒரு பருவப் பூச்செடிகளைப் போடலாம், புதர் விரிய விரிய அவற்றைக் குறைத்துக்கொள்ளலாம். மண்ணை மூடப் பரப்பும் சருகு மாதிரியான மூடாக்கு 2, 3 அங்குலம் போதும், தண்டை ஒட்டிக் குவிக்காதீர்கள், பட்டை அழுகிவிடும்.

கேள்வி: கூம்பு மாதிரி அழகாக இருந்த குட்டை ஆல்பர்ட்டா ஸ்புரூஸ் என்ற ஊசியிலைச் செடியில் ஒரு கிளை மட்டும் நீளமான ஊசிகளோடு விறுவிறுவென்று கிளம்புகிறது. விட்டுவிடலாமா?

பதில்: விடவே விடாதீர்கள், இன்றைக்கே அது தொடங்கும் இடத்தோடு வெட்டுங்கள். இந்த ரகம் 1904இல் கனடாவின் ஆல்பர்ட்டாவில் இயற்கையாகவே குட்டையாக நின்றதைக் கண்டெடுத்தது, அதன் மூல மரமான வெள்ளை ஸ்புரூஸ் பெரிய மரம். எப்போதாவது ஒரு கிளை அந்தப் பழைய குணத்துக்குத் திரும்பிவிடும். விட்டால் குட்டைப் பகுதியை அமுக்கிவிட்டு அதுவே மரமாகிவிடும்.

அப்படியே சாறு உறிஞ்சும் நுண்ணிய பூச்சியான சிலந்திப்பேன் இருக்கிறதா என்றும் பாருங்கள், வெப்பமும் வறட்சியும் சேர்ந்தால் இந்தச் செடிக்கு அதுதான் முதல் எதிரி. கிளைக்கு அடியில் வெள்ளைத் தாளைப் பிடித்துத் தட்டினால் புள்ளி புள்ளியாக விழுந்து நகரும். தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவினாலே நிறையக் குறையும்.

கேள்வி: வெயில் அதிகமுள்ள இடத்தில் ஸ்புரூஸ் வருமா?

பதில்: வேண்டாம், வதைபடும். குட்டை இட்லிப்பூ வையுங்கள், வருஷம் முழுக்கப் பச்சை, பூவும் உண்டு. ஆனால் சிமெண்ட் சுவரை ஒட்டி நடாதீர்கள், அங்கே மண்ணில் சுண்ணாம்பு ஏறி, செடியால் இரும்புச்சத்தை எடுக்க முடியாமல் போகும். நரம்பு பச்சையாக இருக்க, துளிர் இலை மட்டும் மஞ்சளானால் காரணம் பெரும்பாலும் அதுதான்.

கேள்வி: உள்பக்க ஊசிகள் பழுத்து உதிர்கின்றன, நோயா?

பதில்: உள்பக்கம் மட்டும் என்றால் வயதான இலைகள், பயம் வேண்டாம். நுனியிலிருந்து காய்ந்தால் வேரைப் பாருங்கள்.

கேள்வி: உறைபனிக் காலத்தில் தண்ணீர் விட வேண்டுமா?

பதில்: மண் உறைவதற்கு முன்பே ஆழமாக நனையும்படி விட்டுவிடுங்கள். இலை உதிராததால் குளிரிலும் காற்றும் வெயிலும் இலையிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், உறைந்த மண்ணிலிருந்து வேரால் அதை ஈடுசெய்ய முடியாது. புதிதாக நட்டவற்றுக்கு இது கட்டாயம்.