சிஸ்டம் டைனமிக்ஸ் மாடலில் திரும்பத் திரும்ப வரும் பின்னூட்ட வடிவங்களை அல்காரிதம் மூலம் கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். மாறிகள் காலப்போக்கில் ஒன்றையொன்று எப்படிப் பாதிக்கின்றன என்று கணக்கிடுவதுதான் இந்த மாடல்; ஒரு மாறியில் கிளம்பிய பாதிப்பு சுற்றி அதற்கே திரும்பினால் அது சுழல். சுழல்களைத் தேடும் வேலையைக் கணினியிடம் விட்டுவிடலாம். கிடைத்த சுழல் எந்த வடிவத்தைச் சேர்ந்தது என்று பெயர் வைக்கும்போதுதான் தலைவலி ஆரம்பிக்கிறது.

மாறிகளைப் புள்ளிகளாகவும் பாதிப்புகளை அம்புகளாகவும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போய்த் திரும்பவும் வரக்கூடிய மாறிகளை டார்ஜன் முறை (1972) கூட்டம் கூட்டமாகப் பிரித்துத் தரும். எந்தச் சுழலும் தன் கூட்டத்தை விட்டு வெளியே போகாது. அப்புறம் ஒவ்வொரு கூட்டத்திலும் ஜான்சன் முறையை (1975) ஓட்டினால் சுழல்கள் அத்தனையும் வந்துவிடும். பைதானின் நெட்வொர்க்எக்ஸ் நூலகத்தில் இது ஒரே வரிதான். சுழலில் எதிர்க்குறி அம்புகள் (ஒன்று கூடினால் மற்றது குறையும் என்பவை) ஒற்றைப்படையில் இருந்தால் அது மாற்றத்தை அடக்கும் சமன்படுத்தும் சுழல், இல்லாவிட்டால் மாற்றத்தை மேலும் பெருக்கும் வலுவூட்டும் சுழல்.

ஆனால் எண்ணிக்கை எகிறிவிடும். 10 மாறிகள் ஒவ்வொன்றும் மற்ற எல்லாவற்றோடும் இணைந்திருந்தால் 11 லட்சம் சுழல்களுக்கு மேல்! நிஜ மாடல்கள் இவ்வளவு நெருக்கமாக இருக்காது என்றாலும் ஆயிரக்கணக்கில் வருவது சாதாரணம். இதற்காகவே ஒலிவா என்ற ஆய்வாளர் 2004-ல் குறுகிய சார்பற்ற சுழல்களை (ஒவ்வொன்றும் புதிதாக ஒரு அம்பையாவது சேர்ப்பவை) மட்டும் பொறுக்கும் வழியைத் தந்தார். வடிவம் தேட அதை மட்டும் நம்பாதீர்கள், நீளமான சுழல் ஏதாவது விட்டுப்போகலாம்.

இனி வடிவம், அதாவது பல மாடல்களில் திரும்பத் திரும்ப வரும் சுழல் சேர்க்கை. 'தீர்வே தொல்லையாகும்' வகையைப் பாருங்கள். பாக்கி வேலை கூடினால் கூடுதல் நேர உழைப்பு, அதனால் பாக்கி குறையும்: இது சமன். அதே கூடுதல் நேரம் களைப்பைத் தரும், களைப்பு பிழையைத் தரும், பிழை பாக்கியை ஏற்றும்: இது வலுவூட்டல். இரண்டுக்கும் 'பாக்கி → கூடுதல் நேரம்' பொது அம்பு. இப்படி ஒரு அம்பைப் பகிரும் எதிரெதிர்ச் சுழல் ஜோடியைத் தேடு என்று நிரலுக்குச் சொல்லிவிடலாம். நடுவில் உள்ளே வருவது ஒரே அம்பு, வெளியே போவது ஒரே அம்பு என்றிருக்கும் துணை மாறிகளை முதலில் சுருக்கிவிடுங்கள். இல்லையென்றால் நீளம் மாறிய ஒரே வடிவம் வேறு வேறாகத் தெரியும். சுருக்கும்போது குறிகளைப் பெருக்க மறக்க வேண்டாம். இரு புள்ளிகளுக்கிடையே எதிரெதிர்க் குறியோடு இரண்டு அம்புகளும் வரலாம், இரண்டையும் வைத்திருங்கள்.

சிக்கல் என்னவென்றால், 'வளர்ச்சிக்கு வரம்பு' (வளர்ச்சி ஒரு எல்லையை நெருங்கும்போது தடைபடுவது) என்ற வகையிலும் ஒரு வலுவூட்டலும் ஒரு சமனும் ஒட்டித்தான் இருக்கும். படத்தை மட்டும் பார்த்தால் நிரல் இரண்டையும் குழப்பும். தாமதம் எந்தச் சுழலில், எது முதலில் ஓங்குகிறது என்பதுதான் வித்தியாசம். தாமதத்தைப் படத்தில் குறித்திருக்கலாம், ஆனால் எது ஓங்குகிறது என்பது மாடலை ஓட்டினால்தான் தெரியும். அம்பின் குறியே ஓட்டத்தின் நடுவில் மாறும் மாடல்களும் உண்டு. ஒவ்வொரு நேரப் படியிலும் எந்தச் சுழல் எவ்வளவு பங்களிக்கிறது என்று கணக்கிடும் 'லூப்ஸ் தட் மேட்டர்' முறை (2020) இங்கே கைகொடுக்கும். என்னைக் கேட்டால், வடிவத் தேடல் தரும் பட்டியலை உத்தேசப் பட்டியலாக மட்டும் வைத்துக்கொண்டு, அதிலுள்ள ஒவ்வொரு ஜோடியையும் இந்தக் கணக்கோடு ஒத்துப்பார்ப்பேன்.