சீழ் பிடித்த ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைக்கலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 67 வயது, சர்க்கரை நோய் உண்டு. மூன்று வாரமாகக் காய்ச்சல், முதுகுவலி. ஸ்கேனில் வயிற்றுப் பக்கம் மகாதமனி (இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய்) வீங்கியிருக்கிறது, அதில் கிருமித் தொற்று, ரத்தத்தில் சால்மோனெல்லா என்ற பாக்டீரியா வளர்ந்திருக்கிறது என்கிறார்கள். ஸ்டென்ட் வைக்கலாமாம். சீழ் பிடித்த இடத்தில் வெளிப்பொருளை வைப்பது சரியா?
- வாசகி, நாமக்கல்

பதில்: நியாயமான பயம்தான். சர்ஜன்களே பல வருடங்கள் இதே காரணத்தைச் சொல்லித் தயங்கினார்கள். வயிற்றைத் திறந்து, கெட்டுப்போன சுவரை வெட்டியெடுத்து, சீழைச் சுத்தம் செய்து, புதுக் குழாய் தைப்பதுதான் பழைய வழி. ஆனால் மகாதமனியையே கிளாம்ப் போட்டு நிறுத்திச் செய்கிற அந்தப் பெரிய ஆபரேஷனை, காய்ச்சலில் துவண்டுபோன உடம்பு தாங்க வேண்டுமே.

இது இதயத்துக்கு வைக்கிற சின்ன ஸ்டென்ட் இல்லை, துணி போர்த்திய கம்பிக்குழாய். தொடை இடுக்கு வழியாக உள்ளே கொண்டுபோய் விரிப்பார்கள். அதற்குள்ளேயே ரத்தம் ஓடிவிடுவதால் நைந்த சுவர் மேல் அழுத்தம் விழாது, வெடிக்கிற ஆபத்து குறையும். கிருமி மட்டும் வெளியே அப்படியே இருக்கும், அதைக் கொல்வது ஆன்டிபயாடிக்கின் வேலை.

ஸ்வீடனில் நாடு முழுக்க இந்த நோயாளிகளைக் கணக்கெடுத்து 2016-ல் வெளியிட்டார்கள்: மூன்று மாதம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் திறந்த ஆபரேஷனில் 74 சதவீதம், ஸ்டென்ட்டில் 96 சதவீதம். நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரித்துச் செய்த ஆய்வு இல்லைதான், ஆனாலும் இது சின்ன வித்தியாசம் இல்லை. மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது: 2014-ல் வந்த ஐரோப்பிய ஆய்வில் ஸ்டென்ட் வைத்த 123 பேரில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவர் பிறகு தொற்றினாலேயே இறந்தார்கள். அதே ஆய்வில், சால்மோனெல்லா அல்லாத கிருமி வளர்ந்தவர்களுக்குத்தான் அந்தப் பிற்கால ஆபத்து அதிகம் என்று தெரிந்தது. அந்த வகையில் உங்கள் அப்பாவுக்கு வந்த கிருமி கொஞ்சம் பரவாயில்லை.

அதனால் ஸ்டென்ட் வைக்கத் தாமதிக்காதீர்கள். சாதாரண வீக்கத்துக்கு 5.5 சென்டிமீட்டர் வரை காத்திருப்பார்கள், தொற்று வந்த வீக்கம் சின்னதாக இருக்கும்போதே வெடித்துவிடும்.

அப்புறம் மருந்து. நரம்பில் ஊசி பல வாரங்கள், பிறகு மாத்திரை பல மாதங்கள், சிலருக்கு ஆயுள் முழுக்க. காய்ச்சல் விட்டதே என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், தயவுசெய்து. சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்து, சொன்ன தேதியில் ஸ்கேன் எடுங்கள். காய்ச்சல் திரும்பினாலோ, ரத்த வாந்தி எடுத்தாலோ, மலம் கருப்பாகப் போனாலோ (ரத்தக்குழாயும் குடலும் ஒட்டி ஓட்டை விழுந்திருக்கலாம்) நடுராத்திரியானாலும் கிளம்பிவிடுங்கள், அங்கே இருக்கிற டாக்டரிடம் மகாதமனியில் ஸ்டென்ட் இருக்கிறது என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.