புது மேனேஜரை நம்பலாமா? (கடிதம்)

அன்புள்ள ஆசிரியருக்கு,

கால்பந்து பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து படித்துவருகிறேன். இருபது வருடமாக நான் ஒரே கிளப்பின் ரசிகன். எந்த கிளப் என்று சொல்லவில்லை. சொன்னால் உங்கள் பதில் அந்த கிளப்பைப் பற்றியதாகவே போய்விடும். போன வாரம் எங்களுக்குப் புது மேனேஜர் வந்திருக்கிறார். ஆறு வருடத்தில் இவர் நான்காவது ஆள். பெரிய கிளப் எதையும் நடத்தியதில்லை. சொல்லிக்கொள்ள ஒரு கோப்பைகூட இல்லை. ஆனால் அவருடைய முதல் பேட்டியைக் கேட்டபோது மனது கொஞ்சம் நிமிர்ந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. முந்தைய மூன்று பேர் வந்தபோதும் இப்படித்தான் நிமிர்ந்தது.

நண்பர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள். "மான்செஸ்டர் யுனைடெட்ல முதல் கோப்பை ஜெயிக்க ஃபெர்குசனுக்கே நாலு வருஷம் ஆச்சு, டைம் கொடுங்க" என்று ஒரு கட்சி. "இவர் டிசம்பரைத் தாண்ட மாட்டார்" என்று இன்னொரு கட்சி. நம்பினால் ஏமாளி, சந்தேகப்பட்டால் துரோகி என்றாகிவிட்டது. ஒரு ரசிகன் முதல் சில மாதங்களில் எதைப் பார்த்து ஒரு முடிவுக்கு வரவேண்டும்?

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்,

2021 ஆகஸ்ட் 28 அன்று மான்செஸ்டர் சிட்டியிடம் ஆர்சனல் 5-0 என்று தோற்றதைக் கடைசி விசில்வரை உட்கார்ந்து பார்த்தவன் நான். ஆர்சனல் என் கிளப். அந்த சீசனில் அதுவரை மூன்று ஆட்டம், மூன்றும் தோல்வி. ஒன்பது கோல் வாங்கியிருந்தோம், ஒன்றுகூடப் போடவில்லை. புள்ளிப் பட்டியலில் கடைசி இடம். அன்றைக்கு 35வது நிமிடத்திலேயே எங்கள் நடுக்கள ஆட்டக்காரர் கிரானிட் ஷாக்கா இரண்டு காலையும் நீட்டிப் பாய்ந்து சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினார். மேனேஜர் மிக்கேல் ஆர்டெட்டா வந்து இருபது மாதம் ஆகியிருந்தது, அதற்குள் இரண்டு சீசன் எட்டாம் இடம். இந்த மனிதர் போகவேண்டும் என்று அன்று இரவு எனக்குத் தெரிந்த எல்லோரிடமும் சொன்னேன். என்னிடம் காரணங்கள் இருந்தன. ஆனாலும் நான் சொன்னது தவறு.

இரண்டு வாரம் கழித்து நார்விச்சை 1-0 என்று ஜெயித்தோம். பெரிய வெற்றி ஒன்றும் இல்லை. ஆனால் கோல் கீப்பர் ராம்ஸ்டேல், அவருக்கு முன்னால் டோமியாசு, வைட், கேப்ரியல், டியர்னி என்று அந்த ஐந்து பேரும் முதல்முறையாக ஒன்றாக இறங்கியது அன்றுதான். ஆர்டெட்டா மனதில் வைத்திருந்த அணி அதற்கு முந்தைய மூன்று ஆட்டங்களில் களத்துக்கே வந்திருக்கவில்லை. அந்த சீசனை ஐந்தாம் இடத்தில் முடித்தோம். அடுத்து மூன்று சீசன் தொடர்ந்து இரண்டாம் இடம். நான் ஸ்கோரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அணி எங்கே போய்க்கொண்டிருந்தது என்று பார்க்கவில்லை.

உங்கள் கேள்விக்கு என் பதிலை இப்போதே சொல்லிவிடுகிறேன். முதல் மாதங்களில் பட்டியலைப் பார்க்காதீர்கள். பேட்டியையும் பார்க்காதீர்கள். "இவன் தேறமாட்டான்" என்று நீங்கள் ஏற்கனவே கைகழுவிவிட்ட ஒரு ஆட்டக்காரர் உங்கள் அணியில் இருப்பார் இல்லையா, அவரைப் பாருங்கள்.

சிவப்பு அட்டை வாங்கினாரே, அந்த ஷாக்காவையே எடுத்துக்கொள்வோம். 2019 அக்டோபரில் சொந்த மைதானத்தில் அவரை மாற்றி வெளியே எடுத்தபோது கூட்டம் கூச்சல் போட்டது. அவர் காதில் கைவைத்துக் காட்டிவிட்டு, சட்டையைக் கழற்றிக்கொண்டே உள்ளே போனார். கேப்டன் பதவி பறிபோனது. கிளப்பை விட்டே கிளம்ப இருந்தவரை, டிசம்பரில் புதிதாக வந்த ஆர்டெட்டாதான் பேசி நிறுத்திவைத்தார். அதற்குப் பிறகும் நாங்கள் அவரை நம்பவில்லை. 2022-23 சீசனில் ஆர்டெட்டா அவரை இடதுபக்கம் இன்னும் முன்னால் தள்ளி ஆடவிட்டார். டிஃபன்ஸுக்கு முன்னால் நின்று பந்தைத் தொலைத்துவிட்டு அவசரத்தில் காலை நீட்டும் ஆள், எதிரணியின் பெனால்டி பாக்ஸுக்குள் நேரம் பார்த்து ஓடிவருகிறவராக மாறினார். அந்த லீக் சீசனில் ஏழு கோல். ஆள் அதேதான், நிற்கும் இடம்தான் வேறு. எங்கே நின்றால் தன் குறை வெளியே தெரியாது, எங்கே நின்றால் பலம் தெரியும் என்பதை யாரோ பொறுமையாக அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். மேனேஜரின் வேலை எது என்று கேட்டால், என்னைப் பொறுத்தவரை இதுதான்.

கதை அங்கே முடியவில்லை. 2023இல் ஷாக்கா ஜெர்மனியின் பாயர் லெவர்குசனுக்குப் போனார். அங்கே மேனேஜர் ஷாபி அலோன்சோ. 2022 அக்டோபரில் அவர் பொறுப்பேற்றபோது லெவர்குசன் பட்டியலில் கடைசிக்கு முந்தைய இடத்தில் கிடந்தது. அதற்கு முன் அவர் ஒரு முதல்நிலை கிளப்பை நடத்தியதே இல்லை. ரியல் சோசியேடாடின் இரண்டாம் அணிதான் அவர் கையில் இருந்தது. உங்கள் மேனேஜரைப் பற்றி நீங்கள் சொல்லும் அதே குறை! 2023-24இல் அந்த லெவர்குசன் 34 லீக் ஆட்டத்தில் 28 வெற்றி, 6 டிரா, ஒரு தோல்விகூட இல்லாமல் ஜெர்மன் லீகை வென்றது. நடுக்களத்தில் ஆட்டத்தைப் பிடித்து நிறுத்தியவர், எங்கள் கூட்டம் விரட்டிவிட இருந்த அதே ஷாக்கா.

சரி, "பெரிய கிளப் நடத்தியதில்லை" என்ற சந்தேகத்துக்கு வருவோம். அனுபவப் பட்டியலை வைத்து ஒருவரை எடைபோடுவதில் எனக்கு நம்பிக்கை போய் ரொம்ப நாளாகிறது. 2015 ஜூலையில் லெஸ்டர் சிட்டி கிளாடியோ ரானியேரியை நியமித்தபோது, பெரிய கிளப் அனுபவம் அவரிடம் வேண்டிய அளவு இருந்தது. ஆனால் அதற்கு எட்டு மாதம் முன்னால்தான் கிரீஸ் தேசிய அணியோடு குட்டி ஃபாரோ தீவுகளிடம் தோற்று வேலை இழந்திருந்தார். லெஸ்டரின் சொந்த மண்ணிலிருந்து வந்த முன்னாள் ஆட்டக்காரர் கேரி லினெகரே இவரா என்று வெளிப்படையாகக் கேட்டார். அடுத்த மே மாதம் லெஸ்டர் இங்கிலாந்து லீக் சாம்பியன். டேவிட் மோயஸ் எவர்ட்டனில் பதினோரு வருடம் நின்று காட்டியவர், ஃபெர்குசனே தேர்ந்தெடுத்தவர், கையில் ஆறு வருட ஒப்பந்தம். மான்செஸ்டர் யுனைடெட்டில் பத்து மாதம்கூட முழுசாகத் தாங்கவில்லை. 1974இல் பிரையன் கிளஃப் லீட்ஸ் யுனைடெட்டில் இருந்தது 44 நாள். பல வருடமாக அவர் பொதுவெளியில் திட்டிவந்த அணி அது. அவர்களுக்கே மேனேஜராகப் போனால் உடைமாற்றும் அறையில் யார் முகம் கொடுத்துப் பேசுவார்கள்? அடுத்த ஜனவரியில் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்குப் போன அதே கிளஃப், 1979இலும் 1980இலும் ஐரோப்பியக் கோப்பையை வென்றார். ஆள் கெட்டிக்காரரா என்பது பாதிக் கேள்விதான். இந்த அணிக்கு, இந்த நேரத்துக்கு இவர் பொருந்துவாரா என்பது மீதி.

நேரம் என்பதையும் சேர்த்தே பாருங்கள். சீசன் நடுவில் வருகிறவருக்கும் கோடையில் வருகிறவருக்கும் ஒரே அளவுகோல் வைக்கக்கூடாது. வாரத்துக்கு இரண்டு ஆட்டம் என்றால், ஆட்டத்துக்கு மறுநாள் உடம்பு தேற்றிக்கொள்ளும் நாள், ஆட்டத்துக்கு முந்தின நாள் லேசான பயிற்சி. ஒரு புது ஆட்டமுறையைச் சொல்லித்தர இடையில் என்ன இருக்கிறது? ரூபன் அமோரிம் 2024 நவம்பரில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு வந்தார். சீசன் முடிந்து வருகிறேன் என்றுதான் அவர் கேட்டிருந்தார், அதை அவரே வெளியே சொன்னார். வேறொருவர் ஆட்டமுறைக்காகச் சேர்த்த ஆட்களை வைத்து, பின்னால் மூன்று பேர் நிற்கும் தன் முறையை ஆடவைத்தார். அந்த சீசன் 42 புள்ளியோடு பதினைந்தாம் இடத்தில் முடிந்தது. உங்கள் மேனேஜர் எப்போது வந்திருக்கிறார், கையில் எத்தனை பயிற்சி நாள் என்று எண்ணிப் பாருங்கள்.

முதல் நாலைந்து வெற்றி வந்தால் துள்ளவும் வேண்டாம். ஒரு கிளப் மேனேஜரை நீக்குவது வழக்கமாக நிலைமை படுமோசமாக இருக்கும்போது. அந்த மோசத்தில் பாதி துரதிர்ஷ்டம்: கம்பத்தில் பட்டுத் திரும்பிய பந்து, காயம்பட்ட ஆட்டக்காரர்கள். அது எப்படியும் கொஞ்சம் சரியாகும், பெயர் மட்டும் புதியவருக்குப் போகும். டச்சு லீகின் 1986 முதல் 2004 வரையான ஆட்டங்களை பாஸ் டெர் வீல் என்ற பொருளியலாளர் ஆராய்ந்தார். மேனேஜரை மாற்றிய கிளப்புகள் மேலே வந்தன. அதே அளவு சரிந்தும் மேனேஜரை மாற்றாத கிளப்புகளும் அதேபோல மேலே வந்தன. ஓலே குன்னார் சோல்ஷாயர் 2018 டிசம்பரில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்குத் தற்காலிக மேனேஜராக வந்து 19 ஆட்டத்தில் 14 வெற்றி பெற்றபோது, வேறு கிளப் ரசிகனான எனக்கே பொறாமையாக இருந்தது. மார்ச்சில் நிரந்தரமாக்கினார்கள். சீசனின் கடைசி நாளில், ஏற்கனவே கீழ் டிவிஷனுக்கு இறங்கிவிட்ட கார்டிஃபிடம் சொந்த மைதானத்தில் 2-0 என்று தோற்று ஆறாம் இடத்தில் முடித்தார்கள்.

உங்கள் நண்பர்களின் ஃபெர்குசன் உதாரணத்தை அப்படியே ஏற்க எனக்கு மனம் வரவில்லை. அவர் 1986 நவம்பரில் வந்தார், 1989-90 சீசனை பதின்மூன்றாம் இடத்தில் முடித்தார், அந்த மே மாதம்தான் முதல் கோப்பை. உண்மைதான். ஆனால் நேரம் கொடுக்கப்பட்டும் ஒன்றும் செய்யாமல் போன மேனேஜர்களின் பெயர் யாருக்கும் ஞாபகம் இல்லை என்பதால்தான் எல்லோரும் ஃபெர்குசனைச் சொல்கிறார்கள். இன்னொன்று, அவருக்குக் கிடைத்தது வெறும் பொறுமை இல்லை. 1987 நவம்பர் 29, பின்னாளில் யுனைடெட்டின் நட்சத்திரமான ரையன் கிக்ஸின் பதினான்காவது பிறந்தநாள். அன்று அந்தப் பையனின் வீட்டுக்கே நேரில் போய் அவனை யுனைடெட்டுக்கு அழைத்தார் ஃபெர்குசன். முதல் அணி தடுமாறிக்கொண்டிருந்த வருடங்களில் கீழே சிறுவர் அணிகள் புதிதாகக் கட்டப்பட்டுக்கொண்டிருந்தன. கிளப் நிர்வாகத்தின் கண்ணுக்கு அது தெரிந்தது. "டைம் கொடுங்க" என்று யாராவது சொன்னால், எதைப் பார்த்து என்று கேளுங்கள். கேட்பது துரோகம் இல்லை.

ஒரு ஆட்டத்தில் எதைக் கவனிப்பது என்று கேட்பீர்கள். பந்து வலதுபக்கம் இருக்கும்போது உங்கள் லெஃப்ட் பேக், அதாவது இடதுபக்கத் தடுப்பாட்டக்காரர், எங்கே நிற்கிறார் என்று பாருங்கள். பழைய மேனேஜர் காலத்தில் கோட்டோரம் கையை இடுப்பில் வைத்து நின்றவர், இப்போது நடுவுக்கு நகர்ந்து வந்து இடைவெளியை அடைக்கிறாரா? பந்து பறிபோன அடுத்த நொடியில் பக்கத்திலிருக்கும் இரண்டு பேர் பாய்கிறார்களா, தலையைத் தொங்கப்போடுகிறார்களா? போன மாதம் வாங்கிய அதே மாதிரி கோலை இந்த மாதமும் வாங்குகிறார்களா? தோல்வி புது மாதிரியாக இருந்தால் எனக்குப் பயம் இல்லை. அதே தோல்வி பத்தாவது முறை வந்தால் பயப்படுவேன்.

அப்புறம், நம் பங்கு ஒன்று இருக்கிறது. புதிதாக வந்தவர் கோல் கீப்பரிடமிருந்தே சின்னச் சின்ன பாஸாக ஆட்டத்தைத் தொடங்கச் சொல்கிறார் என்று வையுங்கள். முதல் மாதம் ஒரு பாஸ் தப்பும். கூட்டம் முழுக்க "ஐயோ" என்று ஒரு சத்தம் எழும். அடுத்தமுறை பந்து காலுக்கு வந்ததும் கீப்பர் அந்தச் சத்தத்தை நினைத்து ஓங்கி உதைத்துவிடுவார். பயிற்சியில் ஒரு வாரமாகப் படித்தது அந்த ஒரு உதையில் போய்விடும். 2015 நவம்பரில் லிவர்பூலின் சொந்த மைதானமான ஆன்ஃபீல்டில் கிரிஸ்டல் பேலஸ் 82வது நிமிடத்தில் கோல் போட்டதும் லிவர்பூல் ரசிகர்கள் எழுந்து வெளியே நடந்தார்கள். மேனேஜர் யூர்கன் க்ளாப் வந்து ஒரு மாதம்தான். அந்த நேரம் மிகவும் தனியாக உணர்ந்தேன் என்றார் ஆட்டம் முடிந்து. அடுத்த மாதம் வெஸ்ட் பிராமுக்கு எதிராக ஓரிகி 96வது நிமிடத்தில் சமன் செய்து 2-2 ஆனபோது, ஆட்டக்காரர்களை வரிசையாகக் கைகோத்து ரசிகர்கள் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். டிராவுக்கு இத்தனை கொண்டாட்டமா என்று பலர் சிரித்தார்கள். கடைசிவரை எழுந்து போகாமல் இருந்தவர்களுக்கு அவர் சொன்ன நன்றி அது என்றே எனக்குப் படுகிறது. அங்கிருந்து முதல் கோப்பைக்கு 2019 ஜூன்வரை காத்திருந்தார்கள். நடுவில் மூன்று இறுதியாட்டம் தோற்றார்கள்.

முதல் பேட்டியில் உங்கள் மனது நிமிர்ந்ததற்காக வெட்கப்படாதீர்கள், ஆர். மூன்று முறை ஏமாந்த பிறகும் நான்காவது முறை நிமிர்கிறது என்றால் அந்த கிளப்பை நீங்கள் அவ்வளவு நேசிக்கிறீர்கள். சந்தேகமும் அந்த நேசத்திலிருந்துதான் வருகிறது. இரண்டையும் வைத்துக்கொண்டே ஆட்டத்தைப் பாருங்கள். பத்து ஆட்டம் முடிந்ததும் எனக்கு மறுபடி எழுதுங்கள். எத்தனை புள்ளி என்று எழுதவேண்டாம். நீங்கள் கைகழுவியிருந்த அந்த ஆட்டக்காரர் யார், இப்போது அவர் எங்கே நிற்கிறார் என்று எழுதுங்கள்.

அன்புடன்.