பேஸ்பாலில் மைதானத்தின் அளவு ஹோம் ரன் (பந்தை வேலிக்கு வெளியே அடிப்பது) எண்ணிக்கையை மாற்றுமா? அமெரிக்காவின் டென்வர் நகரம் உயரத்தில் இருக்கிறது, பந்து எளிதாகப் பறக்கும் என்பதால், அந்த ஊர் அணியின் ஆட்டக்காரர்கள் அடித்த கணக்கைக் கழித்துத்தான் பார்க்க வேண்டுமா?

முதல் கேள்விக்கு, நிச்சயமாக மாற்றும். இரண்டாவதற்கு, கண்ணை மூடிக்கொண்டு கழிக்கக் கூடாது. நான் டென்வரில் குடியிருப்பவன். இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது, அதனால்தான் எழுதுகிறேன்.

நீங்கள் கிரிக்கெட் பார்த்துவிட்டு பேஸ்பாலுக்கு வந்தவர் என்று நினைக்கிறேன். பவுண்டரிக் கயிற்றை உள்ளே இழுத்தால் சிக்ஸர் கூடும், அதே கணக்குத்தானே என்று தோன்றும். அப்படியும் நடந்திருக்கிறது. 1958ல் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணி கொலிசியம் என்ற மைதானத்தில் ஆடியது. அங்கே அடிப்பவர் நிற்கும் இடத்திலிருந்து இடது மூலை வேலிக்கு வெறும் 251 அடி. 42 அடி உயரத்துக்கு வலை கட்டியும், அந்த சீசனில் அங்கே அடித்த 193 ஹோம் ரன்களில் 182 இடது பக்கம் போனவை.

ஆனால் தூரத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். பாஸ்டன் ஃபென்வே பார்க்கில் இடது மூலை 310 அடிதான், நிற்பதோ 37 அடிச் சுவர். வேறு ஊரில் கேட்ச் ஆகியிருக்கும் உயரப் பந்து அங்கே தாண்டிவிடும். வேறு ஊரில் வேலியைத் தாண்டியிருக்கும் தாழ்வான அடி, சுவரில் மோதி டபுளோடு (இரண்டாவது தளம் வரை மட்டும் ஓட முடிகிற அடி) நின்றுவிடும்.

டென்வர் கூர்ஸ் ஃபீல்ட் சின்ன மைதானம் இல்லை. இடது 347, நடு 415, வலது 350 அடி. ஒரு மைல் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடலோர ஊர்களில் இருப்பதில் ஏறக்குறைய ஐந்தில் நாலு பங்குதான், பந்து கூடுதலாகப் பறக்கும். அது தெரிந்தே வேலியைத் தள்ளிப் போட்டார்கள். அப்படியும் 1999 சீசனில் அங்கே 303 ஹோம் ரன். 2002லிருந்து பந்துகளை ஈரப்பதம் காக்கும் அறையில் வைத்து எடுக்கிறார்கள், ஈரம் உள்ள பந்து அவ்வளவு தூரம் போகாது; அதன்பின் எண்ணிக்கை இறங்கியது.

என் மச்சினன் நியூஜெர்சியில் இருக்கிறான், நியூயார்க் யாங்கீஸ் அணியின் ரசிகன். இங்கே வந்தபோது ஆட்டத்துக்குக் கூட்டிப்போனேன். மேல் தட்டில், சரியாக ஒரு மைல் உயரத்தைக் காட்டும் ஊதா இருக்கை வரிசை உண்டு. அங்கே நின்று படம் எடுத்துக்கொண்டே, "மாமா, இங்க யாரு அடிச்சாலும் போயிடும்" என்றான். அவன் கண்ணெதிரே, நடுவில் உயர அடித்த பந்துகளை வேலிக்கு முன்னாலேயே பிடித்தார்கள். அப்போதும் ஒத்துக்கொள்ளவில்லை. அப்புறம் வீட்டுக்கு வந்து, டென்வர் அணிக்கு ஆடிய லாரி வாக்கரின் 1997 கணக்கைத் திறந்து காட்டினேன். மொத்தம் 49 ஹோம் ரன். சொந்த மைதானத்தில் 20, வெளியூரில் 29. அன்றைக்குத்தான் பேச்சு நின்றது.

அப்படிப்பட்டவரை, பேஸ்பாலின் தலைசிறந்தவர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமுக்குத் தேர்ந்தெடுக்க 2020 வரை இழுத்தடித்தார்கள். பத்தாவது முறை, அதுதான் கடைசி வாய்ப்பு. 75 சதவீத வாக்கு தேவை, கிடைத்தது 76.6.

உடனே பேட்டிங் சராசரியை (அடிக்க வந்த முறைகளில் எத்தனை பங்கு ஹிட் ஆனது என்ற கணக்கு) தூக்கிக்கொண்டு வருவார்கள், தெரியும். வாக்கருக்குக் கூர்ஸ் ஃபீல்டில் .381, ஆடிய காலம் மொத்தத்தில் .313. ஆமாம், மைதானம் அவருக்கு உதவியது. நான் மறுக்கவில்லை. அகன்ற இடத்தில் ஃபீல்டர்களுக்கு இடையே பந்து விழும், டபுளும், மூன்றாவது தளம் வரை ஓடும் டிரிபிளும் கூடும். உதவியது என்பதற்காக, அடித்தது அவர் இல்லை என்று ஆகிவிடாது.

     

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். யாரை எடைபோட்டாலும் சொந்த ஊர், வெளியூர் கணக்கைத் தனித்தனியாகப் பாருங்கள். யாங்கீஸ் அணியின் பேப் ரூத் 1927ல் அடித்த 60 ஹோம் ரன்களில் 28 சொந்த மைதானத்தில், 32 வெளியூரில். அன்றைய யாங்கி ஸ்டேடியத்தின் வலது மூலை 300 அடிகூட இல்லை, அவரோ இடதுகை ஆட்டக்காரர், அந்தப் பக்கம் அடிப்பது அவருக்கு எளிது. அந்த 60ஐ யாரும் கழித்துப் பேசுவதில்லை.