அஞ்சறைப்பெட்டியில் ஒளிந்திருக்கும் கோதுமை

கேள்வி: எட்டு வயது மகளுக்குச் சீலியாக் நோய் (கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதம் சிறுகுடலைப் புண்ணாக்கும் நோய்) என்று உறுதியானதும் சப்பாத்தி, ரவை, சேமியா எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, இட்லியும் சாம்பாரும்தான் தருகிறோம். ஆறு மாதமாகியும் வயிற்றுவலி தீரவில்லையே?
– ஒரு தாய், மதுரை

பதில்: சகோதரி, முதலில் உங்கள் பெருங்காய டப்பாவின் பின்புறத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். கடைகளில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதா கலந்திருப்பதால், சாம்பாரிலும் ரசத்திலும் நாள்தோறும் சேரும் சிட்டிகையே அவள் சிறுகுடலை ஆறவிடாமல் தடுக்கக்கூடும். அரிசி மாவு சேர்த்த பெருங்காயமும் கிடைக்கிறது. மற்றவர்களுக்குச் சப்பாத்தி சுட்ட கல்லில் அவளுக்குத் தோசை வார்க்காமல் தனிக்கல் வையுங்கள். அப்படியும் வலி நீடித்தால் மருத்துவரிடம் காட்டத் தாமதிக்காதீர்கள். இந்நோய் குடும்பவழி வரக்கூடியது என்பதால், நீங்கள், கணவர், மற்ற பிள்ளைகள் அனைவரும், கோதுமையை நிறுத்துவதற்கு முன்பே, ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். நிறுத்திய பின் செய்தால் நோய் இருந்தும் தெரியாமல் போகலாம்.